சபலம் என்னுஞ் சொல்லும் ஆன்ம இயல்பும்

சபலம் என்னுஞ் சொல் இக்காலத்து உலகவழக்கிற் பெரும்பாலும் இச்சைக்கு எளிதில் வயப்படும் மனத்தளர்ச்சியையே குறித்து நிற்கின்றது. அதுகொண்டு ஒருவனைச் சபலன் என்று கூறி, அஃது அவனுக்குப் பிறவிக்குணம், மாற்றலாகாதது என முடிவு செய்வாரும் உளர். அம்முடிவு சொல்லின் வரலாற்றிற்கும் சித்தாந்தத்திற்கும் ஒருங்கே மாறாவது.

இது வடசொல். அசைதல், நிலையின்மை என்பனவே இதன் முதற்பொருள். அமரகோசம் மின்னலின் பெயர்களுள் சபலை என்பதனையும், பாதரசத்தின் பெயர்களுள் சபலம் என்பதனையும் ஓதுகின்றது. இரண்டும் ஓரிடத்து நில்லாமைபற்றி வந்த பெயர்கள். பயனுடையது என்னும் பொருளதாகிய ஸபலம் என்பது வேறொரு சொல். தமிழெழுத்தில் இவை ஒருவடிவாய் எழுதப்படுதலின், நூல் பயில்வார் இடம்நோக்கிப் பொருள்கொள்ளல் வேண்டும். அல்லாக்கால், பிறவி பயனுற்றது என்று கூறவந்த தொடர் பிறவி நிலைகலங்கிற்று என்று நேர்மாறாய் முடியும்.

நிலைமாறும் இயல்பினரை ஆங்கிலர் மெர்க்குரியல் என்பர். புதன் என்னுங் கோளுக்கும் பாதரசத்திற்கும் அவர் மொழியில் ஒரே பெயராதலின், இச்சொல் முதலில் அக்கோளின் வயப்பட்டாரைக் குறித்துப் பின்னர் நிலையிலாரைக் குறிப்பதாயிற்று. நம் சோதிடநூலாரும் புதனை நற்கோளொடு கூடின் நற்கோளென்றும், தீக்கோளொடு கூடின் தீக்கோளென்றும் கொள்வர். சார்ந்ததன் வண்ணமாதல் என்னுஞ் சித்தாந்தத் துணிபோடு இஃது ஒப்புநோக்கத் தக்கது.

அற்றேல், பாதரசம்போல உயிரும் அசைவையே இயல்பாக உடைத்து எனக் கொள்ளலாமோ எனின், அற்றன்று. அவ்வுவமை சங்கற்ப விகற்பஞ் செய்யும் மனத்திற்கே பொருந்தும். மனம் அந்தக்கரணங்களுள் ஒன்று, மாயாகாரியம், சடம். உயிரோ அறிவுடைப் பொருள். நிலையாமை உயிரின் சொரூபமாயின், அது திருவடியில் நிலைபெறுதல் எஞ்ஞான்றுங் கூடாது. வீடும் பொய்யாய் முடியும்.

இதற்கு ஏற்ற உவமை மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து ஏழாஞ் சூத்திரத்துட் காட்டிய கடல்நீர் உப்பாம். உப்பு நீரைச் சாரும். நீருக்கு இடமாய கடலைச் சாராது. அதுபோல அஞ்ஞானம் உயிரைச் சாரும், சிவத்தைச் சாராது. தேவர் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூர் அமைந்த விழுப்புர மாவட்டத்திலேயே, எக்கியார்குப்பம் முதலிய கடற்கரையூர்களையுடைய மரக்காணப் பகுதியில் இவ்வுவமையின் பிறிதொரு கூற்றைக் கண்கூடாகக் காணலாம். ஆண்டை உப்பளங்களிற் பாத்தியில் தேக்கிய உவர்நீர் ஞாயிற்றின் வெம்மையால் ஆவியாய் மேலெழ, உப்பு நிலத்திற் படிகின்றது. நீரோடு பிரிவறக் கலந்து நின்றதாயினும் உப்பு நீரின் சொரூபம் அன்று என்பது அதனாற் பெறப்படும். நீர் தானே உப்பை விட்டெழமாட்டாது, கதிரவன் வேண்டும். அநாதியே மலத்தொடு கூடிய உயிருக்குத் திருவருள் வேண்டுவதும் அவ்வாறே.

ஆகலின் சபலம் என்பது கரணத்தின் அசைவேயன்றி உயிரின் இயல்பன்று. சார்ந்ததன் வண்ணமாம் உயிர் எதனைச் சாரல்வேண்டும் என்பதே ஈண்டு வினா. ஒன்பதாஞ் சூத்திரம் திருவைந்தெழுத்தையும், பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் கூட்டத்தையும் ஆலய வழிபாட்டையும் விதித்தது இதுபற்றியே. சபலன் என்று இகழ்ந்து ஒருவனை விலக்குவோர், அவனுக்கு வேண்டிய மருந்தாகிய நற்சார்பையே மறுக்கின்றனர் என்று உணர்தல் வேண்டும்.