கருங்காப்பியம்: அச்சமும் நகையும் ஒன்றாத கதைக்கோவை

டீகே இயக்கி 2023ஆம் ஆண்டு மே 19 அன்று வெளிவந்த 'கருங்காப்பியம்', தமிழ்த் திரையில் அரிதாகவே முயலப்பட்ட வடிவம் ஒன்றைத் தேர்ந்துகொண்டது. பேய்க்கதைகள் பலவற்றை நகைச்சுவை கலந்து ஒரே சட்டகத்துள் கோத்துத் தருவது அதன் நோக்கம். காஜல் அகர்வால், ரெஜினா கசாண்ட்ரா, ஜனனி, ரைசா வில்சன் ஆகியோருடன் யோகி பாபு, கருணாகரன், கலையரசன் முதலியோரும் நடித்துள்ள இப்படத்தில் ஆற்றல் வாய்ந்த நடிகர்களுக்குக் குறைவில்லை. குறை கட்டமைப்பில் உள்ளது. ஒரு வணிகப் படத்தின் பெயரை இத்துணைக் கண்டிப்புடன் நோக்க வேண்டுமா எனச் சிலர் வினவக்கூடும். காப்பியம் என்னும் சொல்லை விரும்பி ஏற்ற படைப்பிடம், கிளைக்கதைக்கும் தலைமைக்கதைக்கும் உள்ள உறவு யாது எனக் கேட்பது முறையே ஆகும்.

பழைய நூலகம் ஒன்றில் பெண்ணொருத்தி பழநூல் ஒன்றை எடுத்துப் படிக்கத் தொடங்குகிறாள். அவள் படிக்கும் கதைகள் காட்சிகளாக விரிகின்றன. இச்சட்டகம் தமிழர்க்குப் புதிதன்று. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் கதை சொல்லிப் புதிர் போடுகிறது. விடை தெரிந்தும் கூறாவிடின் அரசன் தலை வெடிக்கும். கூறினால் வேதாளம் மீண்டும் முருங்கைமரம் ஏறும். கேட்பவனுக்கு ஒவ்வொரு கதையும் ஓர் இடராக அமைவதனால்தான் கதைகள் ஒன்றோடொன்று பிணைகின்றன. கருங்காப்பியத்திலோ, படிப்பவள் அடுத்த பக்கத்தைப் புரட்டாமலிருந்தால் என்ன நேரும் என்னும் வினாவுக்கு வலுவான விடையில்லை. ஆதலின் சட்டகம் கதைகளைத் தாங்காமல் அவற்றை அறிமுகம் செய்வதோடு நின்றுவிடுகிறது.

மைசூரில் 1929இல் பிறந்து, கன்னடம், தமிழ் ஆகிய இருமொழி மரபுகளிலும் தோய்ந்த ஏ. கே. இராமானுஜன் தொகுத்துத் தந்த கன்னட நாட்டுப்புறக் கதையொன்று இங்கு நினைக்கத்தக்கது. ஒரு கதையையும் ஒரு பாட்டையும் அறிந்த இல்லத்தரசி அவற்றை யாரிடமும் சொல்லாமல் தன்னுள்ளேயே வைத்திருக்கிறாள். அடைபட்டுச் சலித்த அவ்விரண்டும் அவள் உறங்குகையில் வெளியேறி, காலணியாகவும் மேலங்கியாகவும் உருமாறி வீட்டில் கிடக்கின்றன. அவை யாருடையவை எனக் கணவன் ஐயுறுகிறான், குடும்பம் குலைகிறது. சொல்லப்படாத கதை பழிவாங்கும் என்பது இதன் உட்பொருள். நகைப்பும் நடுக்கமும் இதில் ஒருசேர உண்டு. நெடுங்காலம் படிப்பாரற்றுக் கிடந்த நூலை மையமாக வைத்த இயக்குநர் இவ்வுண்மையின் வாயில்வரை வந்து, உள்ளே நுழையாமல் திரும்பிவிட்டார் எனலாம்.

அச்சமும் நகையும் இயையுமா என்பது அடுத்த வினா. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் இரண்டிற்கும் தனித்தனியே நான்கு நிலைக்களன்கள் கூறுகிறது. நகைக்கு உரியனவாகச் சொல்லப்படும் நான்கனுள் பிறரை எள்ளுதல் ஒன்றனையே இப்படம் பெரிதும் நம்பியுள்ளது. அச்சம் பேயின் பொறுப்பு, நகை உடன்வரும் நகைச்சுவை நடிகரின் பொறுப்பு எனப் பங்கிடப்பட்டமையால், ஒன்று தொடங்கும்போது மற்றது அறுபடுகிறது. கலிங்கத்துப்பரணியில் செயங்கொண்டார் இவ்வாறு பங்கிடவில்லை. அங்குப் பேய்களின் பசியே அச்சத்திற்கும் நகைப்பிற்கும் ஊற்று. இந்திரசாலப் பகுதியில் மாயமாகக் காட்டப்படும் போர்க்களத்தை மெய்யென்று எண்ணிப் பாய்ந்த பேய்கள், வெறுங்கை வெறுவாயோடு ஏமாறி நிற்கின்றன. படிப்பவர்க்குச் சிரிப்பு எழுகிறது. ஆயினும் அவை தேடியது மனிதப் பிணம் என்பது மறப்பதில்லை. பின்னர்க் கூழ் அட்டு உண்ணும்போது குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் பந்தியில் இடம் உண்டு. சமயப் பகடியும் அங்கே நுழைகிறது. நகைப்பதற்கெனத் தனிப் பாத்திரம் எதுவும் வேண்டப்படவில்லை.

காஜல் அகர்வால் பேயாகத் தோன்றும் பகுதியில், தீங்கிழைக்கப்பட்ட பெண் பேயுருவில் மீளும் நீலி மரபின் சாயல் தெரிகிறது. பழையனூர் நீலி கதையில் பேய் வந்து நின்றது ஊர்ச்சபையின்முன். அதன் அழுகையை நம்பித் தீர்ப்பளித்து, கொடுத்த வாக்கிற்காக எழுபது வேளாளர் தீப்பாய்ந்தனர். நம்பியதே கேடாயிற்று என்பதில்தான் அக்கதையின் அச்சம் உள்ளது. படமோ பேயின் துயரை ஊன்றிக் காட்டும் பொறுமையின்றி ஒலியதிர்ச்சியையும் கேலியையும் நாடுகிறது.

இத்தோல்வி ஏமாற்றமாவதற்குத் தனிக் காரணம் உண்டு. இதே இயக்குநரின் 'யாமிருக்க பயமே' (2014) இவ்வியைபை அறிந்த படம். கடனில் சிக்கியவன் மலைப்பகுதி மாளிகையொன்றைத் தங்கும் விடுதியாக்குகிறான். வந்து தங்குவோர் ஒவ்வொருவராக இறக்க, பிழைப்புக் கெடாதிருக்கப் பிணங்களைப் புதைக்கிறான். அவனது பணத்தேவையே சிரிப்பையும் திகிலையும் ஒருங்கே விளைவித்தது. அவ்வாண்டே 'நமோ பூதாத்மா' எனக் கன்னடத்திலும் அது மறுவாக்கம் பெற்றது. பரணியின் பேய்ப்பசிக்கு நிகரான அத்தகைய தேவை எதுவும் கருங்காப்பியத்தின் மாந்தர்க்கு இல்லை. அவர்கள் அஞ்சுவதும் நகைப்பதும் திரைக்கதை கேட்டுக்கொண்டதனால் மட்டுமே.