அஞ்சலிக்குச் சோறு ஊட்டியது யார்?

'அஞ்சலி' பார்த்து அழாதவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள். 1990-ல் வந்த மணிரத்னம் படம். பேபி ஷாம்லிக்கு தேசிய விருது வாங்கித் தந்தது. இன்றைக்கு டி.வி.யில் போட்டாலும் சேனல் மாற்ற மனசு வராது.

கதை ஞாபகம் இருக்கிறதா? குழந்தை இறந்தே பிறந்தது என்று ரேவதியிடம் பொய் சொல்லிவிட்டு, மனவளர்ச்சி குன்றிய அந்தக் குழந்தையை வீட்டுக்குத் தெரியாமல் வெளியே வளர்க்கிறார் ரகுவரன். இரண்டு வருஷம் கழித்து உண்மை தெரிகிறது. அம்மா போய் அழைத்து வருகிறாள். வீடு மிரள்கிறது, பிறகு உருகுகிறது. அஞ்சலி செத்துப் போகிறாள். நாம் கர்ச்சீப்பைப் பிழிந்துகொண்டு வெளியே வருகிறோம்.

என் கேள்வி சின்னது. அந்த இரண்டு வருஷம் அஞ்சலிக்குச் சோறு ஊட்டியது யார்? ராத்திரி அழுதபோது எழுந்து தூக்கியது யார்? இருந்திருப்பார்தானே ஒருவர்? குழந்தையை ரேவதி தூக்கிக்கொண்டு போன அன்று அந்த ஆளுக்கு எப்படி இருந்திருக்கும்? படத்துக்கு அந்தக் கேள்வியே இல்லை. ரத்தம் வந்து அழைத்துப் போனால் கணக்கு முடிந்தது.

2002-ல் அதே இயக்குநரின் 'கன்னத்தில் முத்தமிட்டால்'. குழந்தையைத் தத்தெடுக்க ஆசைப்படுகிறார் மாதவன். கல்யாணம் ஆகாதவருக்குத் தர மாட்டோம் என்கிறார்கள். உடனே சிம்ரனைக் கல்யாணம் செய்துகொள்கிறார். அழகான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் என்ன பாடம்? அடுத்தவர் குழந்தையிடம் போகிற வழி தாலி கட்டித்தான்.

2019-ல் தியேட்டருக்கு வந்த ராமின் 'பேரன்பு' இவை எல்லாவற்றையும்விட நேர்மையான படம். மூளை முடக்குவாதம் உள்ள பெண் வயதுக்கு வருகிறாள். அம்மா விட்டுப் போய்விட, அப்பா மம்மூட்டி திண்டாடுகிறார். அழவைக்க வேண்டுமென்று ஒரு காட்சிகூட இல்லை. குளிக்க வைப்பது, நாப்கின் மாற்றுவது என்று நாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிற விஷயங்களைத் திருப்பாமல் காட்டுகிறது. கடைசியில் அவர்களுக்குக் கைகொடுப்பது மீரா என்கிற திருநங்கை. பெற்றவள் ஓடுகிறாள், சம்பந்தமே இல்லாதவள் வந்து நிற்கிறாள். தமிழ் சினிமா இந்த விஷயத்தில் எட்டிய உயரம் அது. ஆனாலும் மீராவும் அமுதவன் வழியாகத்தான் பாப்பாவிடம் வருகிறாள். பாப்பாவுக்காக மட்டும் ஒருவர் கதவைத் தட்டுகிற படம் இன்னும் வரவில்லை.

சினிமாவை ஏன் இவ்வளவு நோண்டுகிறேன்? நமக்கு எந்த உறவும் திரையில் பார்த்தால்தான் புரிகிறது. 'வளர்ப்புப் பராமரிப்பு' என்று ஒரு ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டம், 44-வது பிரிவு. இது தத்து அல்ல. பெற்றவர்களால் வளர்க்க முடியாத குழந்தையைக் காப்பகத்தில் விடாமல், ஒரு குடும்பம் கொஞ்ச காலம் தன் வீட்டில் வைத்து வளர்ப்பது. காமர்ஸ் படித்தவர்களுக்கு ஒரே வார்த்தையில் சொல்லலாம்: சஸ்பென்ஸ் அக்கவுண்ட். எந்தத் தலைப்பில் எழுதுவது என்று முடிவாகும்வரை தொகையைப் பத்திரமாக வைக்கிற இடம்.

மத்திய அரசு 2024-ல் வழிமுறைகளைத் திருத்தியது. கல்யாணம் ஆகாதவர்கள், துணையை இழந்தவர்கள், விவாகரத்தானவர்களும் 35 வயது முதல் 60 வரை விண்ணப்பிக்கலாம். தனி ஆணுக்கு ஆண் குழந்தை மட்டும். சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளைத் தனியாகவே குறிப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வருஷம் வளர்த்தபின் தத்தெடுக்கவும் வழி உண்டு. முன்பு ஐந்து வருஷமாக இருந்தது. 'மிஷன் வாத்சல்யா'வில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை. பிசியோதெரபிக்கும் ஆட்டோவுக்கும் அது எத்தனை நாள் வரும் என்று கேட்காதீர்கள்.

இப்போது ஓசூருக்கு வாருங்கள். இந்தப் படத்தை யாராவது எடுத்தால் இங்கேதான் எடுக்க வேண்டும்.

1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-ல் தர்மபுரிக்கும் வந்தது. அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் தர்மபுரி மாவட்டம்தான்; 2004-ல்தான் பிரிந்தது. கொல்லாதே, தொட்டிலில் போடு என்று அரசாங்கம் கெஞ்ச வேண்டியிருந்த பூமி. தொட்டிலில் விடப்படும் நல்ல குழந்தையைத் தத்தெடுக்க நம்மவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். சிறப்புத் தேவையுள்ள குழந்தை என்றால் வரிசை காணாமல் போய்விடுகிறது. அந்தக் குழந்தைகளைத் தத்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்காரர்கள். யசோதையைக் கொண்டாடுகிற ஊர்தான் இது. ஆனால் யசோதைக்குக் கிடைத்தது கண்ணன் என்பதை மறந்துவிடுகிறோம்.

இதே ஓசூருக்கு இன்னொரு முகமும் உண்டு. சிப்காட்டில் டைட்டன் ஆரம்ப காலத்திலிருந்தே மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு எடுத்த கம்பெனி. காது கேளாதவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து கடிகாரம் செய்வது இங்கே அதிசயம் இல்லை. வேலையிடத்தில் ஏற்றுக்கொள்ளத் தெரிந்த ஊர் இது. வீட்டில்தான் தடுமாறுகிறது.

காரணம் கல்மனசு இல்லை. புருஷன் ஏ ஷிஃப்ட், பெண்டாட்டி பி ஷிஃப்ட். மாமியார் மதுரையில், அம்மா திருநெல்வேலியில். இரண்டு ரூம் வாடகை வீடு. ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க வேண்டும் என்றால் அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரு நிம்ஹான்ஸ். இங்கே பெற்ற பிள்ளையை வளர்க்கவே மூச்சு வாங்குகிறது. நல்ல மனசு இருந்தால் போதும் என்று சொல்கிற எந்தப் படத்தையும் நான் நம்ப மாட்டேன். நல்ல மனசோடு லீவும் வேண்டும், பக்கத்திலேயே தெரபி சென்டர் வேண்டும், வாரத்தில் ஒருநாள் மாற்றி விட ஆள் வேண்டும். ஒரு ஃபேக்டரிக்கு ஒரு கிரெஷ் கட்டத் தெரிந்தவர்களுக்கு இது பெரிய கணக்கா, சொல்லுங்கள்.

எல்லாவற்றையும்விடக் கஷ்டம் கடைசியில் இருக்கிறது. பெற்ற குடும்பம் தேறி வந்தால் குழந்தையைத் திருப்பி அனுப்ப வேண்டும். தோற்றுப் போய் அல்ல, வேலையை ஒழுங்காகச் செய்ததால். ஆறு மாதம் பழக்கி, ஒரு பையன் தானாக ஸ்பூன் பிடிக்க ஆரம்பித்த மறுவாரம் அவனுடைய துணிகளை மடித்துப் பையில் வைக்கிற பெண்ணைக் கற்பனை செய்து பாருங்கள். வில்லன் தேவையில்லை. யாரும் சாகத் தேவையில்லை. இதைவிடப் பெரிய க்ளைமாக்ஸ் எந்தக் கதாசிரியர் எழுதிவிடுவார்?

படம் வருகிறபோது வரட்டும். விசாரிக்க ஆசைப்படுகிறவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கிருஷ்ணகிரியில் மட்டுமல்ல, எல்லா மாவட்டத்திலும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு இருக்கிறது. போய்க் கேளுங்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள், வருமானம் கேட்பார்கள், பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். கோபப்படாதீர்கள். குழந்தையை யாரிடம் தருகிறோம் என்று பார்த்துத்தான் தர வேண்டும்.

அடுத்த தடவை டி.வி.யில் 'அஞ்சலி' போட்டால், அழுகிற நேரம் போக மீதி நேரத்தில் அந்த இரண்டு வருஷத்தைப் பற்றியும் கொஞ்சம் யோசியுங்கள்.