கருங்கல்லில் வைரப் பல்

கெட்டிப் பாறைக்கு உருளைப் பிட், இளகிய பாறைக்கு வைரப் பல் பிட். ஆழ்துளைத் தொழிலில், பாறையைக் குடையும் முனைகளான பிட்டுகளைப் பல பத்தாண்டுகள் இப்படித்தான் பங்கு பிரித்து வைத்திருந்தார்கள். அண்மைக் காலத்தில் அந்தப் பங்கீடு குலைந்துவிட்டது. குலைந்தது நல்லதே. ஆனால் வெற்றியை யார் கணக்கில் எழுதுவது என்பதில் தொழில் தவறுகிறது.

உருளைப் பிட்டைக் குறைத்துப் பேச முடியாது. 1909இல் ஹோவர்ட் ஹியூஸ் காப்புரிமை பெற்ற அந்தப் பல்வைத்த கூம்புகள் உருண்டு உருண்டு பாறையை நசுக்கும். பின்னாளில் மூன்றாவது கூம்பும் டங்ஸ்டன் கார்பைடு பற்களும் சேர்ந்தன. எந்தப் பாறையிலும் ஓரளவு முன்னேறும் என்பது அதன் பலம். பலவீனமும் நசுக்குவதில்தான் இருக்கிறது. பாறை அழுத்தத்தைத் தாங்குவதில் வல்லது. சீவினால் அதைவிடக் குறைந்த விசையிலேயே பெயரும். போதாததற்கு, ஆழத்தில், துளைக்குள் செலுத்தும் சேற்றின் எடை உடைந்த சில்லை அடியிலேயே அமுக்கி வைத்துக்கொள்வதால் பிட் அரைத்ததையே மறுபடி அரைக்கிறது. கூம்புக்குள் இருக்கும் பேரிங்கைக் காக்கும் ரப்பர் சீல் வெப்பத்தில் கெட்டால், கூம்பே கழன்று துளைக்குள் விழும். அதை வெளியே எடுக்கும் வேலை துளைத்த வேலையை விடக் கொடியது.

நம் திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிகள் பட்டன் பிட்டும் ஹேமரும் கொண்டு கருங்கல்லைத் துளைக்கின்றனவே என்று கேட்கலாம். சில நூறு மீட்டருக்கு அதை மிஞ்ச எதுவுமில்லை. ஆனால் அது காற்றழுத்தத்தில் இயங்குவது. கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில், நீர் நிரம்பிய துளையிலிருந்து தூளை மேலே தள்ளக் காற்றுக்கு வலு போதாது.

வைரப் பல் பிட் 1970களில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செயற்கை வைரத் தகடுகளோடு வந்தது. டங்ஸ்டன் கார்பைடு அடித்தளத்தில் வைரத்தூளை இறுக்கிப் பற்களாக்கி, அவற்றை அசையாத உடலில் பதித்தார்கள். பேரிங் இல்லை, சீல் இல்லை. பாறையைச் சீவிக்கொண்டே போகும். ஆனால் கருங்கல்லில் பல் பொசுங்கியது. வைரத் துகள்களைப் பிணைக்கும் கோபால்ட், சூட்டில் வைரத்தை விட மிகுதியாக விரியும். சுமார் 700 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பல் உள்ளிருந்தே விரிசல் விடும். மேற்பரப்பிலிருந்து கோபால்ட்டை அமிலத்தால் கரைத்தெடுக்கும் முறை வந்த பிறகுதான் நிலைமை மாறியது. இந்த வடிவமைப்பின் வரலாற்றில் நான் மிக மதிக்கும் படி அதுதான்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஃபோர்ஜ் புவிவெப்பத் திட்டத்துக்காக 2020 இறுதியில் தொடங்கிய கிணறு, கருங்கல் வகைப் பாறைக்குள் சாய்வாக இறங்கி 3,300 மீட்டர் நீளத்தைத் தாண்டியது. வைரப் பல் பிட்டுகள் அங்கே வெகு வேகமாக முன்னேறின. 'பிட் சாதித்தது' என்றே பலரும் சொல்கிறார்கள். ஆனால் குறிப்பிட்ட கன அளவு பாறையைப் பெயர்க்க எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்ற கணக்கை அங்கே ரிக் குழு துளைக்கும்போதே கவனித்தது. டீல் என்பவர் 1965இல் வகுத்த கணக்கு அது. ஆற்றல் வீணாகிறது என்றால் அடியில் ஏதோ கோளாறு: பிட் சிக்கி நின்று திடீரெனத் துள்ளுகிறது, அல்லது மையம் விலகிச் சுழன்று பற்களைப் பக்கவாட்டில் மோதவிடுகிறது. வைரப் பல்லைப் பெரும்பாலும் உடைப்பவை இந்த அதிர்வுகளே. பல் உடையுமே என்று பயந்து பிட்டின் மேல் தரும் பாரத்தைக் குறைத்தால் கேடு கூடும். பல் பாறையைக் கடிக்காமல் மேலே தேய்ந்து சூடேறும். ஆகவே வெற்றியை அதைக் கவனித்து இயக்கிய குழுவின் கணக்கிலும் எழுத வேண்டும்.

பிட்டின் பெருமையை மணிக்கு இத்தனை மீட்டர் என்று மட்டும் அளப்பதை இதனால்தான் ஏற்க முடியவில்லை. சீறிப் பாய்ந்து பாதியில் மழுங்கும் பிட்டுக்காக மூன்று கிலோமீட்டர் குழாயை மேலே இழுத்து மறுபடி இறக்க வேண்டும். வெளிவிளிம்புப் பல் தேய்ந்தால் துளையும் குறுகும். அடுத்த பிட் முதலில் அதை அகலப்படுத்தியே கீழே போகும். மீட்டருக்கு என்ன செலவு என்பதே நேர்மையான அளவு. கெட்டியும் இளக்கமும் மாறி மாறி வரும் பாறையிலோ, உடைந்து கிடக்கும் பாறையிலோ வைரப் பற்கள் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். அங்கே உருளைப் பிட்டுக்கும், இரண்டையும் சேர்த்த கலப்பு பிட்டுக்கும் இன்னும் வேலை இருக்கிறது.

ஒரே சீரான கருங்கல்லுக்கு இன்று முதல் தேர்வு வைரப் பல் பிட்தான். வாங்குவோர் விற்பனையாளரிடம் வேகத்தை மட்டும் கேட்க வேண்டாம். ஒரே இறக்கத்தில் எத்தனை மீட்டர் போனது, ஏன் வெளியே எடுத்தார்கள், எடுத்தபோது ஒவ்வொரு பல்லும் எப்படி இருந்தது என்ற பதிவையும் படத்தையும் கேட்டு வாங்குங்கள்.