மில்ட் ஜாக்சனின் ‘பிக் பேக்ஸ்’

வைபிரஃபோன் உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் கருவி. பட்டைகளுக்குக் கீழுள்ள குழாய்களில் மோட்டாரால் சுழலும் தகடுகள் ஒலிக்கு நடுக்கம் தருகின்றன. லயனல் ஹாம்ப்டன் அவற்றை நொடிக்கு 10 சுற்று ஓடவிட்டார். மில்ட் ஜாக்சன் ஏறத்தாழ 3.3 சுற்றாகக் குறைத்துக்கொண்டார். அதனால் அவரது சுரம் பாடகரின் குரல்போல மெல்ல அசைந்து அடங்கும். இத்தகைய ஒலி டிரம்பெட்டுகளுக்கும் சாக்ஸபோன்களுக்கும் நடுவே தாக்குப்பிடிக்குமா என்பதே 1962இல் ரிவர்சைடு நிறுவனத்துக்காக அவர் பதிவுசெய்த ‘பிக் பேக்ஸ்’ எழுப்பும் கேள்வி. ‘பேக்ஸ்’ என்பது அவரது பட்டப்பெயர்.

ஜாக்சனுக்குப் பெரிய இசைக்குழு புதிதல்ல. 1940களில் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குழுவில் வாசித்தவர். ஆனால் 1952 முதல் மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்டில் நால்வரின் அமைதிக்குப் பழகியிருந்தார்.

இசைக்கோப்பை டாட் டேமரோனும் எர்னி வில்கின்ஸும் பகிர்ந்துகொண்டனர். டேமரோன், 1946இல் சாரா வாஹன் பாடிப் புகழ்பெற்ற தமது ‘இஃப் யூ குட் சீ மீ நவ்’ பாடலை இங்கே மீண்டும் கையாள்கிறார். இசைத்தட்டு உயரும் இடம் இதுதான். ஊதுகருவிகள் ஜாக்சனோடு போட்டியிடவில்லை. அவரது நீண்ட சுரங்களுக்குத் திரைச்சீலையாகத் தொங்குகின்றன.

குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரே தட்டில் 10 பாடல்களை அடைத்ததால் தனிவாசிப்புகள் சுருங்கிவிட்டன. ப்ளூஸை மெல்ல மெல்லச் சூடேற்றுவது ஜாக்சனின் வழி. இங்கே சூடேறும்போதே குழு உள்ளே வந்துவிடுகிறது. 1978இல் கவுண்ட் பேசியின் குழுவோடு பாப்லோ நிறுவனத்துக்காக வாசித்தபோது ப்ளூஸுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது. டேமரோன் தீட்டிய நிறங்கள் மட்டும் அதில் இல்லை.