கையெழுத்தும் காத்திருக்கும் கண்ணும்

நம் பங்குகள் சிலவற்றில் விவிலியத்தைக் கையால் எழுதும் முயற்சி அண்மைக் காலத்தில் வேரூன்றி வருகிறது. ஒரு குடும்பம் ஒரு நூலை ஏற்கிறது. அடுத்த குடும்பம் அடுத்த நூலை எழுதுகிறது. எழுதி முடித்த தாள்கள் ஒன்றாகக் கட்டப்பட்டுப் பீடத்தின்முன் வைக்கப்படுகின்றன. போற்றத்தக்க முயற்சி இது. ஆயினும் இத்தகைய முயற்சிகளின் இறுதியில் ஒரு போட்டியும் பரிசும் வந்து ஒட்டிக்கொள்வதுண்டு. பள்ளியாயினும் பங்காயினும், கையெழுத்துப் போட்டி என்றால் அச்சைப் போன்ற எழுத்துக்கே முதலிடம். "அச்சடித்தாற்போல எழுதியிருக்கிறான்" என்பதே நம்மிடையே கையெழுத்துக்கு வழங்கும் உச்சப் பாராட்டாகிவிட்டது. இந்தப் பாராட்டு எழுத்தின்மீது காதலை வளர்க்கிறதா, அன்றி அதனை வேரிலேயே வெட்டுகிறதா? இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எழுத்தின்மேல் காதல் எவ்வாறு பிறக்கிறது? பயிற்சியினால் என்பர் சிலர். அழகுணர்ச்சியினால் என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மை உண்டு. எனினும் இரண்டும் முழு விடையல்ல. விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மதுரையைச் சுற்றியுள்ள நிலமே எழுத்தின் நீண்ட வரலாற்றைத் தன் மண்ணிலும் பாறையிலும் தாங்கி நிற்கிறது.

மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில் கீழடி உள்ளது. 2014-15ஆம் ஆண்டில் அங்கு அகழாய்வு தொடங்கியது. கிடைத்த பானையோடுகளில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் தமிழ்ப் பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை ஒரு நுட்பமான செய்தியைச் சுட்டுகிறது. இவ்வோடுகளின் எழுத்தமைதி ஒரே சீராக இல்லை. எனவே வனைந்தவர் ஒருவரே எழுதினார் என்பதைவிட, பானைக்குரியவர்கள் தத்தம் கையால் எழுதினர் எனக் கொள்வதே பொருந்தும். ஒருவர் கை சாய்கிறது; மற்றொருவர் கை நிமிர்கிறது. அன்று ஒரு நடுவர் இருந்திருப்பின் அவர்களுள் எவருக்கும் பரிசு கிட்டியிராது. ஆனால், "இது என்னுடையது, இதனைக் காண்பவர் என்னை அறியட்டும்" என்னும் வேட்கை அக்கோணல் கோடுகளில் இருக்கிறது. எழுத்துக் காதலின் முதல் முளை அதுவே.

மதுரைக்கு வடகிழக்கே ஒத்தக்கடையை அடுத்த ஆனைமலையில், நரசிங்கப் பெருமாள் குடைவரையில் கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. பாண்டிய அமைச்சன் மாறங்காரி அக்கோயிலைக் குடைவித்தான். பணி நிறைவுறுமுன் மறைந்தான். அவன் தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து அதனை நிறைவு செய்தான். இச்செய்தியின் வடமொழிப் பகுதி கிரந்த எழுத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் வெட்டப்பட்டுள்ளன. ஒரே பாறையில் இருவகை வாசகருக்கு இருவகை எழுத்து! வட்டெழுத்தின் வளைவுகள் காண்போர் கண்ணைக் கவர்வன. ஆயினும் சோழர் ஆட்சி பாண்டிய நாட்டில் நிலைபெற்றபின் அவ்வெழுத்து படிப்படியாக வழக்கிழந்தது. இன்று பயிற்சியுடையோர் அன்றி வேறெவரும் அதனைப் படிக்க இயலாது. அழகு மட்டுமே எழுத்தைக் காப்பாற்றுமாயின் வட்டெழுத்து இன்றும் வாழ்ந்திருக்கும். படிக்கும் கண் விலகியபோது எழுதும் கையும் ஓய்ந்தது.

ஓலைச்சுவடிக்கு வருவோம். இடக்கையில் ஓலை, வலக்கையில் எழுத்தாணி, இடக்கைப் பெருவிரலே எழுத்தாணிக்குத் தாங்கல். கீறிய கோட்டின்மேல் கரியோ பச்சிலைச் சாறோ தடவித் துடைத்தபின்னரே எழுத்து கண்ணுக்குப் புலனாகும். அதாவது, எழுதும்போது எழுதுகிறவனுக்கே தன் எழுத்து தெளிவாகத் தெரிவதில்லை. பூச்சி அரிக்கும் முன் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் பெயர்த்தெழுத வேண்டும். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகப் பெயர்த்தெழுதிய கைகளாலேயே நம் இலக்கியங்கள் பிழைத்தன. சுவடியின் இறுதியில் எழுதியவர் தம் பெயரையும் நாளையும் குறித்து, பிழையிருப்பின் பொறுத்துக்கொள்ளுமாறு படிப்போரை வேண்டுவது வழக்கம். அக்குறிப்பு ஒரு சடங்கன்று. முகமறியாத வாசகர் ஒருவரை அவர் தம் எதிரே அமர்த்திக்கொண்டு எழுதினார் என்பதற்கு அதுவே சான்று.

ஆயினும் ஓலைக்கு ஒரு குறை இருந்தது. எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகிக் கிழியும் என்று அஞ்சி எழுதுவோர் அதனைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். விளைவு என்ன? எரியா ஏரியா, கொடுவா கோடுவா என்று படிப்பவர் இடம் நோக்கி ஊகிக்க வேண்டியதாயிற்று. மதுரை மறைபரப்புத் தளத்தில் உழைத்த வீரமாமுனிவர் (1680-1747) இத்துன்பத்தைக் கண்டார். நெடில் ஏகாரத்துக்குக் கொம்பின் தலையில் மேலும் ஒரு சுழி. தனியெழுத்தாகிய எகர ஒகரங்களுக்கும் குறில் நெடில் காட்டும் சிறு வேறுபாடு. அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படும் சீர்திருத்தம் இவ்வளவே. எழுத்தின் அணிநலத்தை மிகுவிக்க அவர் முயலவில்லை. அயல்மொழியாளராய் வந்து தமிழைக் கற்றவர் அவர். படிப்பவர் எங்கே இடறுவார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தாலியில் பிறந்த ஒருவரின் பரிவு இன்று நாம் எழுதும் ஒவ்வொரு ஏகாரத்திலும் ஒரு சிறு சுழியாய் நிலைத்துவிட்டது.

இதே உண்மையைத் திருத்தூதர் பவுலிடமும் காண்கிறோம். அவர்தம் திருமுகங்களைப் பிறர் எழுதுமாறு சொல்லிவந்தவர். உரோமையர் திருமுகத்தை எழுதியவர் தெர்த்தியு என்பது அத்திருமுகத்திலேயே உள்ளது. எனினும் கலாத்தியருக்கு எழுதிய மடலின் முடிவில் எழுதுகோலைத் தாமே வாங்கி, தம் கைப்பட எவ்வளவு பெரிய எழுத்துகளில் எழுதுகிறார் என்பதைக் காணுமாறு சொல்கிறார். அப்பெரிய எழுத்துகள் அழகாயிருந்தனவா என்று கலாத்தியர் கேட்டிருக்க மாட்டார்கள். அது பவுலின் கை; அதுவே அவர்களுக்குப் போதும். புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் உயிர்நீத்தார். அதற்குமுன் சிறையிலிருந்து உடனுழைத்த குருக்களுக்கு மடல் வரைந்தார். மை கிட்டாத நிலையில் கரியைக் கரைத்து எழுதினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. எழுதுவதற்குக் கருவி இல்லாதபோதும் எழுதத் தூண்டியது எது? மறுமுனையில் காத்திருந்த கண்களே அன்றோ!

இனி அச்சுக்கு வருவோம். அண்டிரிக் அடிகளார் 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தில் அச்சிட்ட "தம்பிரான் வணக்கம்" முதலான தொடக்ககால நூல்களின் அச்செழுத்துகள், அன்று கையால் எழுதப்பட்ட எழுத்தைப் பார்த்தே வார்க்கப்பட்டவை. அச்சு கையைப் பின்பற்றிற்று. இன்றோ கை அச்சைப் பின்பற்ற வேண்டுமென்கிறோம். கணிப்பொறி ஒரு நொடியில் செய்வதை ஒரு சிறுமி மூன்று மணி நேரம் விரல் நோவச் செய்வதில் என்ன பெருமை? அச்சில் இல்லாத ஒன்று அவள் கையில் இருக்கிறது. அதனைத் துடைத்துவிட்டு வந்தால்தான் பரிசு என்கிறோம்.

"அப்படியாயின் பயிற்சி வேண்டாவா? கோணலும் கிறுக்கலும் போதுமா?" என்று கேட்கலாம். வேண்டும், கட்டாயம் வேண்டும். நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். சென்னையில் 1789 முதல் ஆண் அநாதையர் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், அம்முறையைக் கண்டு வியந்து தம் பள்ளியில் புகுத்தி, பின் இங்கிலாந்துக்கும் கொண்டுசென்றார். மணலில் எழுதியது அழியும், மீண்டும் எழுதலாம், பிழைக்கு அங்கே அச்சமில்லை. அஞ்சாத கையே தெளிவடையும். நாலுகோட்டு நோட்டும் அதன் வழித்தோன்றலே. படிப்பவர் இடறாதிருக்கச் செய்யும் பயிற்சி அன்பின் பயிற்சி. அடுத்தவர் எழுத்தைவிடத் தன் எழுத்து மேலென்று காட்டச் செய்யும் பயிற்சியோ பரிசு கிடைத்த மறுநாளே நின்றுவிடும்.

மேலைநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றையும் இங்கே ஒப்பிடலாம். அமெரிக்காவில் மினசோட்டாவிலுள்ள பெனடிக்ட் சபையினரின் புனித யோவான் மடம், விவிலியம் முழுவதையும் தோலில் இறகால் எழுதும் பணியை 1998இல் தொடங்கி 2011இல் முடித்தது. தலைமையேற்றவர் தொனால்டு ஜாக்சன் என்னும் தேர்ந்த எழுத்துக்கலைஞர். அவ்வளவு தேர்ந்த கைகளும் ஓரிடத்தில் ஒரு வரியை விட்டுவிட்டன. பக்கத்தைக் கிழித்தெறியவில்லை, விடுபட்ட வரியை அடியில் எழுதி, ஒரு தேனீ அதனைக் கயிறு கட்டி உரிய இடத்துக்கு ஏற்றுவதாக வரைந்தனர். பிழை பொறுக்க வேண்டிய நம் சுவடி எழுத்தரின் பணிவும் இத்தேனீயின் புன்னகையும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஆகவே நம் பங்குகளில் விவிலியம் எழுதும் பணி தொடரட்டும். ஆனால் பரிசுப் பலகையை அகற்றிவிடுவோம். எழுதிய பக்கத்தை மதிப்பிட ஓர் எளிய அளவுகோல் போதும்: எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகும் ஒரு சிறுவனோ, பார்வை மங்கிய ஒரு பாட்டியோ அதனை உரக்கப் படிக்கட்டும். தடையின்றிப் படித்தால் அது நல்ல கையெழுத்து. படித்து முடித்து, "இதை எழுதியவர் யார்?" என்று அவர்கள் கேட்டால், அங்கே எழுதியவருக்கு உரிய கைம்மாறு கிட்டிவிட்டது. அடுத்த அதிகாரத்தை எழுத அந்தக் கை தானாகவே எழுதுகோலை எடுக்கும்.