கொல்லிமலை வளைவுகளில் நகரும் புள்ளி

கைபேசித் திரையில் ஒரு பட்டியல் விரியும்போது, அதன் தொடக்க நிலைக்கும் இறுதி நிலைக்கும் இடைப்பட்ட நிலைகளைக் கணித்து நிரப்பும் முறை இடைச்செருகல் எனப்படுகிறது. அந்நிலைகளை மெல்லத் தொடங்கி, விரைந்து, மெல்ல அடங்கும் வேகத்தில் கடக்கச் செய்வது ஈசிங் வளைவு. டிஸ்னி ஓவியர்களின் கைத்திறனில் வளர்ந்த இவ்வழக்கத்தை, நிரலாளர் ராபர்ட் பென்னர் 2000-களின் தொடக்கத்தில் ஃபிளாஷ் மென்பொருளுக்கான சமன்பாடுகளாகத் தொகுத்தார். இன்று இணையப் பக்க வடிவமைப்புக்கான சிஎஸ்எஸ் மொழியில் நான்கே எண்களில் அதை எழுதிவிடலாம். ஒரு பொருள் எங்கிருந்து வந்து எங்கே போனது என்பதைக் கண் தவறவிடாமல் காட்டுவது இதன் மறுக்க முடியாத பயன்.

ஆனால் திரையில் நகர்வது மெய்யான ஒரு வண்டியைக் குறிக்கும் புள்ளியாக இருந்தால், இந்த நயமே பிழையான செய்தியைத் தரத் தொடங்குகிறது. நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலை இதற்குக் கடுமையான சோதனைக்களம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏறும் பேருந்து, தன் இருப்பிடத்தை 10 நொடிக்கு ஒருமுறை அனுப்புவதாகக் கொண்டால், இரு தகவல்களுக்கு இடையே அது ஏறத்தாழ 55 மீட்டர் கடந்திருக்கும். 14 மீட்டர் ஆரமுள்ள வளைவின் அரைவட்டமோ 44 மீட்டர்தான் என்பதால், ஒரு வளைவு முழுவதுமே அந்த இடைவெளியில் மறைந்துவிடக்கூடும். நேர்கோட்டு இடைச்செருகலில் புள்ளி சாலையை விட்டு மலைச்சரிவின் குறுக்கே ஏறுகிறது. ஈசிங்கைச் சேர்த்தாலோ குறை மிகுகிறது: ஒவ்வொரு துண்டின் இரு முனைகளிலும் வேகம் சுழியாவதால், நிற்காமல் ஏறும் பேருந்து திரையில் நின்று நின்று கிளம்புகிறது. ஸ்பிளைன் எனப்படும் வழவழப்பான வளைகோடு இந்தத் தடங்கலை நீக்கும். ஆனால் சாலை எங்கே திரும்புகிறது என்பது அதற்கும் தெரியாது.

வரைபடத்திலுள்ள சாலைக் கோட்டின் நீளத்தை அளந்து, அதன்மீதே புள்ளியைச் சீரான வேகத்தில் நகர்த்துவது முறையான தீர்வு. எனினும் மேலும் கீழுமாக அடுத்தடுத்து ஓடும் இரு சாலைத் துண்டுகளில் வண்டி எதில் உள்ளது என்பதை, சில மீட்டர் பிழையுள்ள ஜிபிஎஸ் தகவலால் எப்போதும் பிரித்தறிய முடிவதில்லை. மேலும், அடுத்த தகவல் வந்த பிறகே இடைநிலைகளைக் கணிக்க இயலும் என்பதால், சீராக நகரும் புள்ளி உண்மையான பேருந்துக்குக் குறைந்தது ஓர் இடைவெளியாவது பிந்தியே நகர்கிறது. அசைவு வழவழப்பாக ஆக, இந்தத் தாமதம் பயனரின் கண்ணுக்கு மறைந்துபோகிறது. தகவல் வராத நேரத்தில் புள்ளியை நிறுத்திவைத்து, கடைசித் தகவல் எத்தனை நொடிக்கு முந்தையது என்று எழுதிக்காட்டும் செயலியே காரவள்ளியில் பேருந்துக்குக் காத்திருப்பவருக்குப் பயன்படும்.