பேயின் முகமும் பேயின் விதியும்

ராட்சசனுக்குப் புலித்தலை வந்தது அமெரிக்காவில். 1974 டிசம்பரில் 'கோல்சாக்: தி நைட் ஸ்டாக்கர்' என்ற தொலைக்காட்சித் தொடரில் ஒரு கதை ஒளிபரப்பானது. சிகாகோவில் ஏழை முதியவர்கள் வாழும் பேட்டையில் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். கொல்பவன் இந்தியாவிலிருந்து வந்த ராட்சசன். எதிரில் இருப்பவர் யாரை நம்புகிறாரோ அவர் உருவத்திலேயே வந்து நிற்பான். மந்திரித்த அம்பைக் குறுக்குவில்லில் பூட்டி எய்தால்தான் சாவான். இந்தக் கதையை எழுதிய ஜிம்மி சாங்ஸ்டர், இங்கிலாந்தின் ஹேமர் நிறுவனத்துக்காக 1957-இல் பிராங்கன்ஸ்டைன் படத்தையும் 1958-இல் டிராகுலா படத்தையும் எழுதியவர். தொடர் ஒளிபரப்பான அடுத்த ஆண்டே அந்த ராட்சசன் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்துக்குள் நுழைந்துவிட்டான். 1977-இல் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' நூலில் ஓவியர் டேவிட் டிராம்பியர் அவனுக்குப் புலித்தலையும் நீள அங்கியும் கையில் புகைக்குழாயும் கொடுத்தார். மந்திரித்த அம்பு விதி அப்படியே தங்கிவிட்டது.

கள்ளக்குறிச்சிப் பக்கம் திரௌபதி அம்மன் விழாக்களில் பகாசூரனையும் கடோற்கஜனையும் கூத்தாகப் பார்த்து வளர்ந்த ஒருவரிடம் அந்தப் படத்தைக் காட்டினால், அது ராட்சசன் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது.

இந்த ஆட்டங்கள் நடக்கும் விதத்தைத் தெரியாதவர்களுக்காகச் சொல்ல வேண்டும். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, என்ன செய்கிறோம் என்று வாயால் சொல்கிறார்கள். பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் இதற்கு இளைஞர் வட்டங்கள் உண்டு. நடத்துபவருக்கு வாரம்தோறும் புதுக்கதை வேண்டும். அதற்காக அவர்களில் பலர் தோண்டும் சுரங்கம், யாரும் அதிகம் பார்த்திராத பழைய ஐரோப்பியப் பேய்ப் படங்கள்.

தோண்டுவதில் தவறில்லை. இந்த ஆட்டமே அங்கிருந்து நிறைய எடுத்துக்கொண்டுதான் பிறந்தது. 1970-களின் தொடக்கத்தில் டேவ் ஆர்னசன் நடத்திய பிளாக்மூர் ஆட்டத்தில் சர் ஃபேங் என்ற ரத்தக் காட்டேரி யாராலும் அடக்க முடியாத அளவுக்கு வளர்ந்துவிட்டது. அதை எதிர்க்க ஒரு பாதிரியார் பாத்திரம் உருவாக்கப்பட்டது. ஹேமர் படங்களில் பீட்டர் குஷிங் நடித்த காட்டேரி வேட்டைக்காரர் வான் ஹெல்சிங்தான் முன்மாதிரி. இன்று உலகமெங்கும் ஆடப்படும் 'க்ளெரிக்' என்ற வகைப் பாத்திரத்தின் வேர் அதுதான். 1991-இல் வந்த 'வேம்பயர்: தி மாஸ்கரேட்' தன் காட்டேரிக் குலங்களில் ஒன்றுக்கு ஜெர்மானிய இயக்குநர் முர்னாவின் 1922 படமான 'நொஸ்ஃபெராட்டு'வின் பெயரையே வைத்தது.

ஆனால் டிராகுலாவை எல்லாருக்கும் தெரியும். பூண்டு, சிலுவை, மரமுளை என்று ஆடுபவர்கள் முதல் நிமிடத்திலேயே பட்டியல் போட்டுவிடுவார்கள். அப்புறம் பயம் எங்கிருந்து வரும்? தெரியாத படத்தின் முதல் பலம் இங்கே இருக்கிறது. ஸ்பானிய இயக்குநர் அமாண்டோ தே ஒஸ்ஸோரியோவின் 'குருட்டுப் பிணங்கள்' வரிசையின் முதல் படம் 1972-இல் வந்தது. கல்லறையிலிருந்து எழும் டெம்ப்ளர் என்ற சிலுவைப்போர்க் கால வீரர்களுக்குக் கண் கிடையாது. ஓசையை வைத்தே வேட்டையாடுவார்கள். மூச்சை அடக்கி நிற்பவளின் நெஞ்சு துடிக்கும் சத்தம்கூட அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். படத்தின் நடிப்பு சுமார்தான், கதை அதைவிடச் சுமார். ஆனால் அந்த ஒரு விதி மேசைக்கு வந்ததும் ஆடுபவர்கள் தாங்களாகவே குரலைத் தாழ்த்திப் பேசத் தொடங்குவார்கள். அதற்குப் பகடை தேவையில்லை.

எழுத்தாளர் கோகோலின் கதையை வைத்து 1967-இல் சோவியத் நாட்டில் எடுக்கப்பட்ட 'வீய்' இன்னும் கூர்மையானது. இறந்த சூனியக்காரியின் பிணத்துக்கு மூன்று இரவு ஜெபம் சொல்ல வேண்டிய மாணவன், தன்னைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டுக்கொள்கிறான். வட்டத்துக்குள் இருக்கும்வரை அவளுக்கு அவன் தெரியமாட்டான். மூன்றாம் இரவு வீய் என்ற பூதத்தின் இமைகளைத் தூக்கிவிடுகிறார்கள். அதை ஏறிட்டுப் பார்த்த கணத்தில் அவன் செத்தான். வட்டத்தை விட்டு வெளியே வராதே, நிமிர்ந்து பார்க்காதே என்ற இரண்டே விதிகளில் மூன்று இரவுக் கதை நிற்கிறது.

யூகோஸ்லாவியத் தொலைக்காட்சிக்காக 1973-இல் ஜோர்ஜே கதியேவிச் எடுத்த 'லெப்டிரிட்சா' வேறொன்றைக் கற்றுத் தருகிறது. ஊர் மாவரைக்கும் ஆலையில் இரவு தங்கும் ஆலைக்காரர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். அரைக்க ஆளில்லாததால் ஊருக்கு மாவில்லை. பேயை எதிர்க்க ஊரார் ஏன் ஆள் தேடுகிறார்கள் என்பதற்குப் பசியைவிட நேர்மையான காரணம் இருக்க முடியாது. காதலித்தவளைக் கொடுக்க மறுக்கும் தகப்பனும், வேறு வழியின்றி அந்த வேலைக்குப் போகும் ஏழை இளைஞனும் அந்த ஊரில் உண்டு. நடத்துபவருக்கு ஓர் ஊரே தயாராகக் கிடைக்கிறது.

பழம்படங்கள் தரும் நல்ல சரக்கு இதுதான்: பேய் எதைக் கேட்கும், எதற்குக் கட்டுப்படும், ஊருக்கு அதனால் என்ன குறை வந்தது என்பதற்கான விதிகள். முகத்தைத் தூக்கிக்கொண்டு விதியை விட்டுவிடுகிற இடத்தில்தான் இந்தப் பழக்கம் கெடுகிறது.

குறைகள் பலவிதம். சினிமாவில் கதாநாயகி தனியாக நிலவறைக்குள் இறங்கினால்தான் கதை நகரும். மேசையில் உட்கார்ந்திருக்கும் ஐந்து பேருக்கும் சொந்த மூளை இருக்கிறது. அவர்கள் இறங்கமாட்டார்கள், வெளியே நின்று நெருப்பு வைப்பார்கள். படத்தின் கதைப்போக்கை அப்படியே நடத்த நினைப்பவர் ஆடுபவர்களைக் கயிறு கட்டி இழுக்க வேண்டியிருக்கும். இத்தாலிய இயக்குநர் மரியோ பாவாவின் படங்களில் பாதிப் பயம் வெளிச்சத்திலும் நிறத்திலும் இருக்கிறது. வாயால் சொல்லும்போது அது உதிர்ந்துபோகும். 1960, 70-களின் ஐரோப்பியப் பேய்ப் படங்களில் பெண் பெரும்பாலும் பலியாவாள், இல்லையென்றால் ரத்தம் குடிப்பாள். பெண்களும் உட்கார்ந்து ஆடும் மேசைக்கு அதை மாற்றாமல் கொண்டுவருவது அவமரியாதை.

இவற்றைவிட ஆழமான சிக்கல் ஒன்று உண்டு. ஐரோப்பியப் படங்களில் புனிதம் ஒரு பக்கம், தீமை மறுபக்கம். சிலுவையைக் காட்டினால் பேய் பின்வாங்கும். இந்தியாவில் இதை எடுத்தாண்டவர்கள் பொருளை மட்டும் மாற்றினார்கள். ராம்சே சகோதரர்களின் இந்திப் பேய்ப் படமான 'புரானா மந்திர்' 1984-இல் சிலுவையின் இடத்தில் திரிசூலத்தை வைத்தது. தமிழில் 1991-இல் வந்த 'ஜென்ம நட்சத்திரம்', ஹாலிவுட்டின் 'தி ஓமன்' படத்தை ஏறக்குறைய அப்படியே கொண்டுவந்தது. இரண்டும் அடியில் இருக்கும் அமைப்பைத் தொடவில்லை. கள்ளக்குறிச்சியை உள்ளடக்கிய நடுநாட்டுக் கிராம எல்லையில் நிற்கும் முனீஸ்வரனோ அந்த அமைப்புக்குள் அடங்கமாட்டார். இரவில் பயமுறுத்துகிறவரும் அவரே, ஊரைக் காக்கிறவரும் அவரே. அவரை விரட்ட யாரும் நினைப்பதில்லை; பொங்கல் வைத்து, படையல் போட்டு, நேர்ந்துகொண்டு, பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். சொன்ன சொல்லைத் தவறினால்தான் ஆபத்து. கொல்வதற்குப் பதிலாகப் பேரம் பேச வேண்டிய ஓர் ஆட்டம், கொடுத்த வாக்கைக் காப்பாற்றாவிட்டால் பகடை திரும்பும் ஓர் ஆட்டம், இந்த மண்ணிலிருந்து இயல்பாக எழும். ஹேமர் படங்களிலிருந்து அது வராது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இத்தகைய விதிகளுக்குப் பஞ்சமே இல்லை. திருக்கோவிலூர் வீரட்டானம் சிவன் அந்தகாசுரனை வதம் செய்த தலம். அந்தகனின் ரத்தம் ஒரு துளி தரையில் விழுந்தால் இன்னோர் அசுரன் எழுவான். வழிந்த ரத்தம் கோடுகளாக ஓடி 64 கட்டங்களாகப் பிரிந்தது என்றும், ஒவ்வொன்றிலும் ஒரு பைரவர் நின்று தடுத்தார் என்றும் தலபுராணம் சொல்கிறது. வெட்ட வெட்டப் பெருகும் எதிரி, 64 கட்டம்: எந்த ஆட்ட வடிவமைப்பாளரும் இதைக் கேட்டதும் பென்சிலை எடுப்பார். அதே ஊரில்தான் பொய்கையாழ்வாரும் பூதத்தாழ்வாரும் பேயாழ்வாரும் மழை இரவில் ஓர் இடைகழியில் சந்தித்தார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே இடம். இருட்டில் நான்காவதாக யாரோ நெருக்குவதை மூவரும் உணர்கிறார்கள். வந்தவர் பெருமாள், அது பக்தியின் உச்சம், பேய்க்கதை அன்று. ஆனாலும் இடத்தைச் சுருக்கி, ஆள் எண்ணிக்கையைச் சொல்லி, ஒருவரைக் கூட்டிவிடும் அந்தக் கதைசொல்லும் நேர்த்தி எந்தப் பேய்ப்பட இயக்குநரும் கற்க வேண்டியது.

மகாபாரதத்தின் பகாசூரனை எடுத்துக்கொள்வோம். முறை வைத்து நாளொன்றுக்கு ஒரு வண்டிச் சோறும் ஒரு ஆளும் போக வேண்டும். இன்றைக்கு முறை ஏழை வீட்டுக்கு. அந்த வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருப்பவன் பீமன். 'லெப்டிரிட்சா'வின் மாவாலையில் இருக்கும் பசியும் பயமும் இதிலும் இருக்கின்றன. கூடவே இன்று யாரை அனுப்புவது என்ற அறச்சிக்கலும் இருக்கிறது. இதைக் கூத்தில் நடத்திக் காட்டுகிற கட்டியக்காரன், இந்த ஆட்டங்களை நடத்துபவருக்குச் சரியான ஆசான். வேடம் திரைக்குப் பின் நிற்கும்போதே அவன் கேள்வி கேட்டுப் பேர் சொல்ல வைப்பான், கூட்டத்தோடு பேசுவான், கதை தொய்ந்தால் வேறு திசைக்குத் திருப்புவான். பாவாவின் விளக்கு இல்லாமல் வெறும் குரலால் இரவைக் கட்டிப்போடும் வித்தை அவனிடம் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஆட்டமாக்கிவிடலாம் என்று இதற்குப் பொருளில்லை. கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமிக்குத் திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்து அழுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வேடமேற்பு போலத் தெரியலாம். அவர்களுக்கு அது வாழ்க்கை. அதைப் பகடைக்குள் கொண்டுவருவது கூடாது.

கல்வராயன் மலையைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூடுபனி, மேகம் அருவி, காட்டுப்பாதை, வெள்ளிமலைக்கு அப்பால் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள் என்று பேய்க்கதைக்கான களம் அங்கே கண்முன் விரிகிறது. அதனால்தான் எச்சரிக்கை தேவை. 1952-இல் பின்லாந்தில் எரிக் புளோம்பெர்க் எடுத்த 'வெள்ளைக் கலைமான்' பனிவெளியை அவ்வளவு அழகாகக் காட்டிய படம். கான் விழாவில் பரிசும் பெற்றது. ஆனால் அதில் சாமி பழங்குடியினரின் வழிபாடுதான் சாபத்தின் ஊற்று. அந்த அச்சில் ஒரு கதையைக் கல்வராயனுக்கு இறக்கினால், அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களே பூதமாகிவிடுவார்கள். மலை ஏற்கனவே போதுமான அளவு கெட்ட பெயரைச் சுமக்கிறது. மூன்று ஜாகீர்களின் பிடியிலிருந்து அது விடுபட்டதே 1976-இல்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அப்போது செய்திகளில் கல்வராயன் என்றாலே சாராயம் என்று மறுபடியும் பேசப்பட்டது. சாலை, பள்ளி, மருத்துவம் இல்லாத நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது. அந்த மக்களை இன்னொரு முறை இருட்டில் நிறுத்த எந்த ஆட்டத்துக்கும் உரிமையில்லை.

சரிசெய்ய முடியும் என்பதற்கும் சான்று இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பேய் உலகமான ரேவன்லாஃப்ட் 1983-இல் டிராகுலா சாயலில் தொடங்கியது. 2021-இல் வந்த அதன் புதிய நூலில் இந்தியச் சாயல் கொண்ட 'காளகேரி' நாட்டை எழுதியவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த அஜித் ஜார்ஜ். அரியணைக்காக உடன்பிறந்தோர் மோதும் கதையாக அதை அமைத்தார். புலித்தலை மரபு முற்றிலும் மறையவில்லை என்றாலும், பயம் இப்போது குடும்பத்துக்குள்ளிருந்து வருகிறது. மகாபாரதம் கேட்டவர்களுக்கு அது பழக்கமான பயம்.

ஆகவே ஆட்டம் நடத்தும் இளைஞர்கள் 'வீய்' பார்க்கட்டும், 'லெப்டிரிட்சா' பார்க்கட்டும், ஒவ்வொரு படத்திலிருந்தும் ஒரு விதியைக் குறித்துக்கொள்ளட்டும். அதோடு கோடையில் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், திருக்கோவிலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் பாரதம் வைக்கும்போது ஒரு முழு இரவு கூத்துக்கு முன்னால் உட்காரட்டும். கல்வராயனை எழுத விரும்புகிறவர்கள் மலையேறி அங்குள்ளவர்களிடம் முதலில் கதை கேட்கட்டும். எழுதி முடித்தபின் ஆடும் மேசையில் அவர்களுக்கும் இடம் கொடுக்கட்டும்.